போடிமெட்டு இறக்கத்தில் சொன்ன பொய்

தம்பி, இதை வண்டியில் இருந்துகொண்டு படிக்காதே. ரூமுக்குப் போய், சாப்பிட்டு முடித்து, கட்டிலில் உட்கார்ந்து படி. சாவுச் செய்தி எதுவும் இல்லை. உன் அம்மா முழங்கால் வலியோடு அடுப்படியில்தான் நிற்கிறாள். பேத்தி ஜெனி பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். மருமகள் ரெஜினாவும் நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ வெளிநாடு போன நாளிலிருந்து நாம் போனில் பேசுவதோடு சரி, நான் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. திடீரென்று அப்பன் கைப்பட எழுதிய பக்கம் பக்கமான கடிதம் போனில் வந்து விழுந்தால் உனக்கு நெஞ்சு அடைத்துப்போகும். பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகியிருக்க வேண்டியது, ஆகாமல் போயிற்று. ரெஜினா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவாள். அனுப்புவதற்கு முன்னால் படித்தும் பார்ப்பாள். முதல் தடவை எழுதியதைப் படித்துவிட்டு, "இதுல பாதிதான் மாமா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இது இரண்டாவது தடவை எழுதுவது. எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருந்தால் பொறுத்துக்கொள். உன் ரூமில் இருக்கிற மற்ற பையன்களுக்கும் இதை நீ வாசித்துக் காட்டலாம். எனக்கு வெட்கமில்லை. அவர்களுக்கும் ஊரில் அப்பன் இருப்பான், அவனும் எதையாவது மறைத்துக்கொண்டு இருப்பான்.

ரெஜினாவின் தங்கை குழந்தைக்கு, மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் ஞானஸ்நானம் என்று உனக்குத் தெரியும். இரண்டு சனிக்கிழமைக்கு முன்னால். "டாக்சி வச்சுட்டுப் போங்கப்பா" என்று நீதான் போனில் சொன்னாய். நான் என்ன சொன்னேன்? "நா இருக்கும்போது எதுக்குடா டாக்சி? இருபத்தஞ்சு வருசம் திராட்சை லோடு ஏத்திக்கிட்டு குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டுன்னு மூணு மலையும் ஏறி இறங்குனவன்டா உங்கப்பன்" என்றேன். நீ சிரித்தாய். அதைச் சொன்னபோதே என் இடது பக்கத்தில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து ஏறக்குறைய இரண்டு வருடம் இருக்கும். சாப்பிடும்போது இடது கைப்பக்கம் இருக்கிற தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவேன். கோவிலில் பக்கத்தில் வந்து நிற்கிறவர்கள் பேசினால்தான் ஆள் நிற்பதே தெரியும். படியில் கால் தவறும். ஆனால் பேப்பரில் பொடி எழுத்து படிக்க முடிந்தது, உன் அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க முடிந்தது. அதனால் கண் நன்றாகத்தான் இருக்கிறது, கவனம்தான் குறைந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொழுது சாய்ந்த பிறகு வண்டி எடுக்கச் சொன்னால் முதுகுவலி, டயரில் காற்று இல்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தேன். பொய் சொல்லப் பழகிவிட்டால் அது சுலபமாக வரும் தம்பி. நாம் யாரை ஏமாற்றுகிறோம் என்பதே மறந்துபோகும்.

இப்போது ரெஜினா கேட்ட அந்த மீதிப் பாதியைச் சொல்கிறேன். உன் தாத்தாவை நீ கண் தெரியாதவராகத்தான் பார்த்திருக்கிறாய். வயதாகிப் போன பார்வை என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. அவருக்கு ஐம்பத்தைந்து வயதில் ஆரம்பித்தது. திராட்சைத் தோட்டத்தில் பந்தல் கல்லில் முட்டிக்கொள்வார். வாய்க்காலில் கால் வைத்துவிடுவார். நாங்கள் கண்புரை என்று நினைத்து முற்றட்டும் என்று விட்டோம். மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டபோது நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வந்திருந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு இது புரை இல்லை, கண்ணுக்குள்ளே பிரஷர் ஏறி நரம்பு செத்துப்போய்விட்டது, இனிமேல் வராது என்றாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க மகனா? வருசத்துக்கு ஒரு தடவ நீங்களும் காட்டணும். ஒங்க பிள்ளைகளுக்கும் காட்டணும். இது குடும்பத்துல வர்றது" என்றாள். நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்ததும் லோடு ஏற்றப் போய்விட்டேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் காட்டச் சொல்லுவாள், காட்டினால் ஏதாவது இருந்துவிடும், இருந்துவிட்டால் லைசென்ஸ் போய்விடும். இவ்வளவுதான் என் கணக்கு. லைசென்ஸ் புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும், நிமிர்ந்து முகத்தைப் பார்க்காமலே கண் நல்லாருக்கு என்று கையெழுத்துப் போட்டுத் தருகிற ஆளைத் தேடிப் போய் வாங்கினேன். அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உனக்கு நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது ஞாபகம் இருக்கும். தண்ணீர் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள்ளே நம் பழைய லோடு வண்டியில். நீ பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பினாய் என்று பளாரென்று அறைந்தேன். "ஏலே, வண்டி கைல இல்லடா, கண்ணுல இருக்கு" என்றேன். பதினெட்டு வயதுப் பையன் கண்ணில் தண்ணீர் நிற்க, மறுபடியும் கியரைப் போட்டாய். உன்னை அடித்துக் கண்ணைப் பற்றிப் பேசினவன், உன் கண்ணை ஒரு டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டியவன். காட்டவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நம் காரில் கிளம்பினோம். உன் அம்மா முழங்காலைச் சாக்குச் சொல்லி வரவில்லை. பின் சீட்டில் ரெஜினாவும் ஜெனியும். சின்னமனூர் பக்கம் போகாமல், கூட்டம் குறைவாக இருக்கும் என்று கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் வழியாக மலையடிவாரத்து ரோட்டைப் பிடித்தேன். கூட்டம் குறைவு என்று ரெஜினாவிடம் சொன்னது பாதி. எதிரே வருகிற வண்டி எவ்வளவு குறைவோ அவ்வளவு எனக்கு நல்லது என்பது மீதி. தேவாரம் தாண்டினால் எல்லாம் மானாவாரிக் காடு. இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. நிலக்கடலை முழங்காலுக்குக் கீழேயே கருகிக் கிடந்தது, சோளத்தட்டை அறுத்த காடெல்லாம் வெறும் செம்மண். காற்றாடிக் கம்பங்கள் சும்மா நின்றன. இடது பக்கம் மலை கூடவே வந்தது. ஜெனி, "தாத்தா, மலைக்கு மேல வெள்ளையா இருக்கே, அங்கனயா போறோம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "அங்கனதான் தாயி" என்றேன். ரோடு நேராக இருந்தது. எனக்கும் தைரியம் வந்து கொஞ்சம் மிதித்தேன்.

ராசிங்கபுரம் பக்கத்தில் ரெஜினா "மாமா!" என்று ஒரு சத்தம் போட்டாள். நான் பிரேக்கை மிதிப்பதற்குள் இடது பக்கம் எதுவோ படாரென்று மோதியது. இறங்கிப் பார்த்தால் ரோட்டில் தட்டைக் கட்டு பிரிந்து கிடக்கிறது. பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கிற ஒரு அம்மா தலைச் சும்மாட்டோடு நின்று நடுங்குகிறது. வண்டியின் இடது பக்கக் கண்ணாடி, தலையிலிருந்து கீழே தொங்கின தட்டையில் இடித்துச் சிதறியிருந்தது. கண்ணாடிக்கும் அந்த அம்மாவின் இடுப்புக்கும் இடையில் ஒரு சாண்தான். "ஏய்யா, ஒனக்குக் கண்ணு தெரியல? நா ரோட்டுல ஏறி நின்னு எம்புட்டு நேரமாச்சு! நேரா எம்மேலயே கொண்டு வர்றியே!" என்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சண்டைக்குப் போனேன். "பாத்து வர வேண்டியதுதான? ரோடு ஒன் அப்பன் வீட்டுதா?" என்று கத்தினேன். நான் கத்தினது அந்த அம்மா மேலே உள்ள கோபத்தில் இல்லை. நான் அந்த அம்மாவைப் பார்க்கவே இல்லை. வெறும் ரோடுதான் தெரிந்தது. காலியான, வெயில் விழுந்த ரோடு. அந்தப் பயத்தில் கத்தினேன். ரெஜினா இறங்கி, தட்டையையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துக் கட்டி, அந்த அம்மா தலையில் தூக்கி வைத்து, "மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்தவள் பின்னால் ஏறவில்லை. முன் சீட்டில், என் இடது பக்கத்தில் உட்கார்ந்தாள்.

போடி தாண்டி முந்தலில் மலை ஏறத் தொடங்கினோம். பதினேழு கொண்டை ஊசி வளைவு. எனக்கு ஒவ்வொன்றும் மனப்பாடம். எங்கே கியரைக் குறைக்க வேண்டும், எங்கே ஆரன் அடிக்க வேண்டும், எந்த வளைவில் லாரிக்காரன் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு வருவான், எல்லாம் தெரியும். ஏறினது கண்ணால் இல்லை, அந்த மனப்பாடத்தால். ரெஜினா வாய் மூடாமல் பேசிக்கொண்டே வந்தாள். அவள் அப்படிப் பேசுகிற பெண் இல்லை என்று உனக்குத் தெரியும். "பைக்கு ஒண்ணு வருது மாமா. இங்கன கல்லு கிடக்கு பாருங்க. குரங்கு உக்காந்திருக்கு ஜெனி, இந்தப் பக்கம் பாரு." குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்தேன். இடது பக்கத்தில் உள்ளதை மட்டும்தான் சொல்லிக்கொண்டு வருகிறாள் என்பது பத்தாவது வளைவில்தான் எனக்கு உறைத்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது. குழந்தைக்கு எண்ணெய் பூசும்போது நான் பின்னால் நின்று சாயங்காலத்து இறக்கத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டில் கை போகவில்லை. கிளம்பிப் போடிமெட்டுக்கு வரும்போது மணி மூன்று இருக்கும். பட்டப்பகல், ஆனால் மேகம் இறங்கி, செக்போஸ்ட்டே புகைக்குள் இருப்பது மாதிரி இருந்தது. டீ குடிக்க நிறுத்தினோம். அங்கேதான் ரெஜினா மெதுவாகக் கேட்டாள். "மாமா, வண்டி இங்கன நிக்கட்டும். நாம பஸ்ஸுல இறங்கிருவமா? நாளைக்கு யாரையாச்சும் விட்டு எடுத்துக்கலாம்." தம்பி, எனக்கு அவள் கொடுத்த வழி அது. யாருக்கும் தெரியாமல், என் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லாமல் நான் இறங்கிவிட ஒரு வழி. நான் டீ கிளாஸை டப்பென்று வைத்தேன். "ஏன் ஆத்தா, நா வண்டி ஓட்டுறது ஒனக்குப் பிடிக்கலையா? பிடிக்காட்டி நீ பஸ்ஸுல வா" என்றேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். ரெஜினா குனிந்துகொண்டாள். உன் பெண்டாட்டி ஒரு விஷயத்தைத் தணிந்த குரலில் சொன்னால் அன்றைக்கு மற்ற வேலையை விட்டுவிட்டுக் கேள். சத்தமாகச் சொல்வதை எல்லோரும் கேட்டுவிடுவார்கள். தணிந்து சொல்வதைத்தான் நாம் மிதித்துவிட்டுப் போகிறோம்.

ஜெனி பின் சீட்டில் தூங்கிவிட்டாள். இறங்கத் தொடங்கினோம். மேலிருந்து மூன்று வளைவு வரைக்கும் ஒன்றும் இல்லை. நாலாவதைத் திரும்பினதும் எதிரே பஸ் ஒன்று மஞ்சள் விளக்குப் போட்டுக்கொண்டு ஏறி வந்தது. மேகத்துக்குள் அந்த விளக்கு மட்டும்தான் தெரிந்தது. வழி விட இடது பக்கம் ஒதுங்கினேன். இடது பக்கம் எனக்கு எவ்வளவு ரோடு இருக்கிறது? எனக்குத் தெரிந்த அளவில் நிறைய இருந்தது. "மாமா போதும், போதும்" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் டயருக்கு அடியில் தார் போய் சரளை நொறுங்குகிற சத்தம் கேட்டது. வண்டியின் முன் மூலை, இடது பக்கம், படியில் கால் தவறுகிற மாதிரி ஒரு இறக்கம் இறங்கிற்று. முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தேன். நின்றது. அந்த இடத்தில் கைப்பிடிச் சுவர் உடைந்து போயிருந்தது. பஸ் எங்களைக் கவனிக்காமல் மேலே போய்விட்டது.

ரெஜினா தன் பக்கத்து ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். அவள் என்ன பார்த்தாள் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. அவள் பேசினபோது குரல் மாதா கோவிலில் ஜெபம் சொல்கிற மாதிரி ஒரே சீராக இருந்தது. "கால எடுத்துராதீக மாமா. கை பிரேக்கப் போடுங்க. மெதுவா." போட்டேன். "நா இறங்கி ஒன் பக்கம் வந்து" என்று ஆரம்பித்தேன். "இறங்காதீக. ஒங்க பாரம் போனா வண்டி எம்பக்கம் சாஞ்சுரும்." சரிதான். நான் எழுந்தால் போய்விடும். என் உடம்பின் கனம்தான் அந்த நேரத்தில் உன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் மலைமேல் பிடித்து வைத்திருந்தது. பிரேக்கை மிதித்திருந்த கால் நடுங்க ஆரம்பித்தது. முழங்கால் ஒவ்வொரு தடவை ஆடும்போதும் வண்டியும் ஆடுவது மாதிரி இருந்தது. ஆடினதா, எனக்குத்தான் அப்படி இருந்ததா, தெரியவில்லை. தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஜெனி முழித்துவிட்டாள். "ஏன் தாத்தா வண்டி நிக்குது?" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். ரெஜினா திரும்பாமல், முகத்தை முன்னாலேயே வைத்துக்கொண்டு, "ஜெனி, செல வெளையாட்டு. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம். யாரு மொதல்ல அசையுறாகளோ அவுக அவுட்டு" என்றாள். "பேசலாமா?" "பேசலாம். அசையக்கூடாது." "தாத்தா அசையுறாரு. கால் ஆடுது." "தாத்தா அவுட்டு. நீ அசையாத." பிள்ளை அப்படியே கல் மாதிரி உட்கார்ந்தாள் தம்பி. அஞ்சு வயதுப் பிள்ளை. முன்னால் இருக்கிற கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. ஜெயிக்க வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். எனக்குச் சாவு பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் சாவேன் என்ற பயம் இல்லை அது. நான் மட்டும் பிழைத்துவிடுவேனோ என்ற பயம். வலது பக்கத்துக் கதவு என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. வண்டி போனால் நான் வெளியே விழுந்துவிடலாம். அப்படி விழுந்து, பிழைத்து, உனக்குப் போன் பண்ணி என்ன சொல்வேன் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைப்பில் வரவில்லை.

ஏழு நிமிடம் என்று ரெஜினா சொல்கிறாள். எனக்கு அது ஒரு பொழுது. பிறகு மேலேயிருந்து ஒரு ஜீப் வந்தது. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்விட்டுப் போடிக்குத் திரும்புகிற பெண்களும் ஆண்களும் பத்துப் பன்னிரண்டு பேர். "அய்யய்யோ, அசையாதீக, அசையாதீக!" என்று ஒரு பெண்ணின் குரல் கேட்டது. நாலைந்து பேர் ஓடி வந்து வண்டியின் வலது பக்கம் தொங்கி அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பின் கதவைத் திறந்து முதலில் ஜெனியைத் தூக்கினார்கள். "நா அசையல, அவுகதான் தூக்குனாக, நா அவுட்டு இல்ல" என்று அவள் கத்துகிறாள். அப்புறம் ரெஜினா சீட்டின் மேலே ஏறிப் பின்பக்கமாக வந்து இறங்கினாள். கடைசியாக நான். இறங்கினதும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் எல்லோரும் சேர்ந்து வண்டியை அப்படியே தூக்கி உள்ளே தள்ளி வைத்தார்கள். ஜீப் டிரைவர் என் பக்கத்தில் குனிந்து, "என்னய்யா, கண் அசந்துட்டீகளா?" என்று கேட்டார். "ஆமப்பா. ஒரு நொடி தூங்கிட்டேன்" என்றேன்.

அந்தச் சூழ்நிலையிலும் பொய் வந்தது, பார். தூங்கிவிட்டேன் என்றால் யாருக்கும் வரும் என்று விட்டுவிடுவார்கள். நாளைக்கும் வண்டி எடுக்கலாம்.

ரெஜினா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஜெனியை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நீங்க தூங்கல மாமா. முழிச்சுத்தான் இருந்தீக. நா ஒங்களையேதான் பாத்துக்கிட்டு வந்தேன்." எழுந்து என் இடது பக்கமாக வந்து நின்றாள். "திரும்பாதீக. நேரா அந்த மரத்தப் பாருங்க. எங் கையில எத்தன விரலு காட்டுறேன், சொல்லுங்க." நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். "மூணு" என்றேன்.

"நா கையே தூக்கல மாமா" என்றாள். அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. ஜீப்பில் வந்த பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் என் மருமகளிடம் கை நீட்டிச் சாவியைக் கொடுத்தேன். அவர்களில் கார் ஓட்டத் தெரிந்த ஒருவர் எங்களைப் போடி வரைக்கும் இறக்கிவிட்டார். நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். ஜெனி என் மடியில். மேகத்தை விட்டுக் கீழே வந்ததும் பள்ளத்தாக்கு வெயிலில் தெரிந்தது. "தாத்தா, அந்தா இருக்குறது நம்ம ஊரா?" என்று இடது பக்கம் கை காட்டினாள். எதைக் காட்டுகிறாள் என்று தலையை முழுக்கத் திருப்பித்தான் பார்க்க முடிந்தது. "ஆமா தாயி" என்றேன்.

திங்கட்கிழமை ரெஜினா என்னை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில். ஒரு மெஷினில் தாடையை வைத்து, உள்ளே வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். மெஷின் டக் டக் என்று சத்தம் போடுகிறது, எனக்குப் புள்ளி வரவில்லை. கொஞ்ச நேரம் சும்மா அமுக்கிப் பார்த்தேன். அதையும் மெஷின் கண்டுபிடித்துவிட்டது. டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். இரண்டு வட்டம். பாதிக்கு மேல் கறுப்பு. "கறுப்பா இருக்குற இடமெல்லாம் ஒங்களுக்குத் தெரியாது" என்றார். "எனக்குக் கறுப்பா எதுவும் தெரியலையே சார்" என்றேன். அதற்கு அவர் சொன்னதுதான் தம்பி என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. அந்த இடம் இருட்டாகத் தெரியாதாம். பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதையே வைத்து மூளை நிரப்பிவிடுமாம். ரோடு பக்கத்தில் இருந்தால் ரோடாகவே தெரியும். ஆள் நின்றாலும் ரோடு, பள்ளம் இருந்தாலும் ரோடு. இந்த நோய்க்காரனுக்குத் தனக்குத் தெரியவில்லை என்பதே தெரியாது. போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார். காலையும் இரவும் விடுகிறேன். வண்டியை விற்கச் சொல்லிவிட்டேன். உன் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் திட்டவில்லை. அன்றிலிருந்து தண்ணீர்ச் செம்பை என் வலது பக்கம் வைக்கிறாள்.

"ஒங்க மகனுக்கு நா சொல்ல மாட்டேன்" என்று ரெஜினா பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். "நீங்கதான் சொல்லணும்." நான் தள்ளிப் போட்டேன். முதல் கடிதத்தில் மலையில் நடந்ததை மட்டும் எழுதினேன், உன் தாத்தா கதையை விட்டுவிட்டேன். அவள் திருப்பிக் கொடுத்ததும் கோபம் வந்தது. அது ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்குத்தான் நீ வீடியோவில் வந்தாய். கம்பெனி கேட்டில் டிரெய்லரைத் திருப்பும்போது தூணில் உரசிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாய். "எந்தப் பக்கம்டா?" என்று கேட்டேன். "என் பக்கம்தாம்ப்பா, லெஃப்ட்டு. கவனிக்கல" என்றாய். நானும் சிரிக்கிற மாதிரி இருந்தேன். ரெஜினா துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். போனை வைத்த பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உங்கள் ஊரில் டிரைவர் சீட் இடது பக்கம். நீ உரசினது வண்டியின் மறு மூலையில் இருக்கிற தூண் இல்லை. உன் தோளுக்கு நேரே நின்ற தூண்.

அது ஒன்றுமில்லாமல் இருக்கலாம். தூக்கக் கலக்கமாக இருக்கலாம். நாள் முழுக்க அதையேதான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உனக்கு முப்பத்து நாலு வயது. நாற்பது டன் வண்டியை ஓட்டுகிறாய். முன்னால் நேராகக் கிடக்கிற மணல் ரோட்டில் உனக்குத் தெரிகிற காலி ரோடு உண்மையிலேயே காலியா என்று எனக்குத் தெரியவில்லை. நீயும் அறிய முடியாது. மெஷின்தான் சொல்லும். லீவு கிடைக்காது என்று சொல்லாதே. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்று யோசிக்காதே. போகட்டும். ஊருக்கு வா, இருக்கிறதை வைத்து எல்லோரும் சாப்பிடுவோம். கண்ணில் எதுவும் இல்லை என்று வந்தாலும் வருடா வருடம் காட்டு. ஜெனிக்கும் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டப் போகிறேன்.

உனக்கு இப்போது என்மேல் கோபம் கொதிக்கும். உடனே போன் பண்ணி, என் பிள்ளையை எப்படி அந்த வண்டியில் ஏற்றினாய் என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் நாளைக்குக் காலையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போ. யாரையாவது ஓட்டச் சொல்லிப் போ, நீ ஓட்டாதே. அங்கே கொடுக்கிற அந்த இரண்டு வட்டத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு. அதில் கறுப்பு இருக்கிறதா என்று பார்க்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அதற்கப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்னைத் திட்டு. போனைக் கீழே வைக்காமல் முழுக்கக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் நீ போய் வா.